ஜெர்மானியச் சிந்தனையும் எங்கள் தெரு மில்லும்

ஜெர்மன் மொழியில் எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அந்த அறியாமையை முதலாகப் போட்டு, ஜெர்மானியச் சிந்தனையில் நனவிலி மனம், அதாவது நமக்கே தெரியாமல் நமக்குள் இயங்கும் மனம், என்ற கருத்து வளர்ந்த கதையைப் புத்தகமாக எழுதினேன். இராஜபாளையத்தில் இந்தத் துறைக்கு வேறு ஆளில்லை என்பதால் நானே நிபுணன் என்று முடிவு கட்டிக்கொண்டது அடுத்த முட்டாள்தனம்.

புத்தகத்தைப் போட ஒப்புக்கொண்டவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சிறிய பதிப்பகம் நடத்தும் என் கல்லூரித் தோழன். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்துவிட்டுப் போன் போட்டான்.

"ஏலே, முதப் பாதி பூரா வேண்டாம். கனவு, சோபா, வியன்னா டாக்டருன்னு ஆரம்பி. சனம் அதுக்குத்தான் வாங்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகமே அந்த முதல் பாதிதான். நோயாளியைச் சோபாவில் படுக்கவைத்துக் கனவைக் கேட்ட அந்த டாக்டர் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே ஒரு ஜெர்மானியர் சொல்லிவிட்டார்: ஆலைக்கோ அருவிக்கோ பக்கத்தில் குடியிருப்பவர் அந்தச் சத்தத்தைக் கவனிப்பதே இல்லை, ஆனாலும் அது உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் வந்த ஒருவர், மனம் ஒரு பெரிய வரைபடம், அதில் ஒன்றிரண்டு இடங்களில்தான் வெளிச்சம் என்றார். இன்னொருவர் இயற்கையே தன்னை அறியாத மனம் என்றார். மற்றொருவருக்கோ அறிவு என்பது நடக்க முடியாத ஆள். கண் தெரியாத ஆசையின் தோளில் உட்கார்ந்து வழி சொல்கிறது. இத்தனை பேரையும் வாசலில் நிறுத்திவிட்டு டாக்டருக்கு மட்டும் நாற்காலி போடுவதா?

பேசிப் பயனில்லை, நேரில் காட்டிவிடலாம் என்று தோன்றியது. என் வீடு நூல் மில்லின் மதிலை ஒட்டியது. அந்த இரைச்சல் என் காதில் விழுந்தே பல வருஷமாகிறது. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்து அவனை வரச் சொன்னேன். மில் நின்றதும் நான் திடுக்கிடுவேன். கேளாத சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது என்பது நிரூபணமாகிவிடும். திடுக்கிடுவதற்குக் கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

வந்தவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "எப்பிடிலே இதுக்குள்ள குடியிருக்க?"

"செத்த நேரம் பொறு. இப்ப நிக்கும் பாரு."

கரண்ட் போனது. எங்கள் ஃபேன் நின்றது. மில் நிற்கவில்லை. திடுக்கிடத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகுதான் பிடித்துக்கொண்டது.

"அவிய ஜெனரேட்டர் வச்சு எம்புட்டு நாளாச்சு!" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து. "உங்களுக்குத்தான் எதுவுமே காதுல விழாதே."

தோழன் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறியது. எனக்கு அழுகை வராத குறை. விடவில்லை. விசிறியை அவனிடம் கொடுத்துவிட்டு, ஜெர்மானியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தி வாதாடினேன். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுத்துக்கொண்டே இருந்தான். சோறு பரிமாறும் நேரத்தில்தான் கவனித்தேன்: அவன் கத்தாமல், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஏலே, அந்தச் சத்தம் இப்ப எப்பிடி இருக்கு?"

"எந்தச் சத்தம்?"

இலையைத் தாண்டிக் குதித்தேன். "இதைத்தாம்லே எழுதியிருக்கேன்! வந்தப்ப காதைப் பொத்துனவன் நீ. இப்பச் சொல்லு, முதப் பாதி புத்தகத்துல இருக்கணுமா வேண்டாமா?"

அவன் மதில் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டான். முகம் மாறியது. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி சொன்னான்:

"சரி, அரைப் பக்கம் தாரேன்."