யார் பேருக்கு ஓதணும்?

பெங்களூர் ஹெப்பகோடியில் ஹபீபுன்னிசா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணி ஓதித் தருகிற ஆபா, அதாவது அக்கா, என்று கேட்டால் பால் கடைக்காரர் கூட இறங்கி வந்து வழி காட்டுவார். மேல்விஷாரத்தில் பிறந்தவள். கணவன் அபூதாஹிருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டாள். காலையிலும் மாலையிலும் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுப்பாள். நடுவில் பெண்கள் பாட்டிலோடு வருவார்கள். பிள்ளை தூக்கத்தில் அலறுகிறது என்பாள் ஒருத்தி, மருமகளுக்குத் தலைவலி தீரவில்லை என்பாள் இன்னொருத்தி. "யாரு பேருக்கு?" என்று கேட்பாள் ஹபீபுன்னிசா. பேரைச் சொன்னதும் ஓதி, தண்ணீரில் ஊதி, மூடியைத் திருகிக் கையில் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். ஆனால் கூடவே பேச்சைத் தருவாள், அதை வேண்டாம் என்று யாரும் தப்ப முடியாது.

அது லேசுப்பட்ட பேச்சில்லை. வந்தவள் வாயைத் திறப்பதற்குள் பொறுமையின் சிறப்பில் ஆரம்பித்து, மாமியாரிடம் நடந்துகொள்ளும் முறை, தூங்கப் போகும்முன் ஓத வேண்டியது, சீரகக் கஷாயம் என்று சொல்லிமுடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவாள். எல்லாம் நல்ல மனசோடுதான். "ஊருக்கெல்லாம் ஓதுறே, உனக்கு யாரு ஓதுறது?" என்று அபூதாஹிர் அவ்வப்போது சீண்டுவான். "எனக்கென்ன கேடு" என்று அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வாரம் தவறாமல் பாட்டிலோடு வந்துகொண்டிருந்த ஒருத்தி திடீரென்று வராமல் போனாள். மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நல்லவேளை, குணமாகித் திரும்பிவிட்டாள். ஆனால் ஹபீபுன்னிசாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"வாரா வாரம் வந்தாளே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று புலம்பினாள்.

"நீ எங்க அவள சொல்ல விட்டே?" என்றான் அபூதாஹிர்.

அவன் சும்மா சொன்னதுதான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கெல்லாம் அவனோடு பேசவில்லை, அதுவே அந்த வீட்டில் ஓர் அதிசயம்.

ஃப்ரேசர் டவுனில் ஒரு மாடியில் இஸ்லாமிய உளவியல் ஆலோசகர் பயிற்சி நடப்பதாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் ஒரு தாய் சொன்னாள். வார இறுதியில் வகுப்பு, ஒரு வருடம். ஹபீபுன்னிசா போய்ச் சேர்ந்தாள். பாடம் எடுத்த சுமையா அவளைவிடப் பல வயது சின்னவள், மனநல ஆலோசகராக ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். மன இச்சையைக் குறிக்கும் நஃப்ஸ், உள்ளத்தைக் குறிக்கும் கல்பு என்று தெரிந்த சொற்கள் வந்தபோது ஹபீபுன்னிசா முதல் ஆளாகக் கை தூக்கினாள். பதற்றம் வந்தால் உடம்பில் என்ன நடக்கும், எந்த நோவுக்கு உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று வந்தபோது வாயைப் பிளந்து கேட்டாள். ஒருவர் மனசைத் திறந்து சொன்னது அமானிதம், நம்மை நம்பி ஒப்படைத்த பொருள், அதை வெளியே விடக் கூடாது என்றபோது மட்டும் கொஞ்சம் நெளிந்தாள்.

முதல் செய்முறைப் பயிற்சியில் மானம் போனது. கூடப் படிக்கும் ஒருத்தி துயரப்படுகிறவளாக நடித்தாள். உட்கார்ந்ததும் கண்ணைக் கசக்கினாள். ஹபீபுன்னிசாவுக்கு அது போதும். துஆ வந்தது, அதன் பொருள் வந்தது, பொறுமையாக இருப்பவருக்குக் கிடைக்கும் கூலி வந்தது, கடைசியில் சீரகக் கஷாயமும் வந்தது. வகுப்பே சிரித்தது. சுமையா சிரிக்கவில்லை.

"ஓதினதும் சரி, சொன்னதும் சரி ஆபா. அவங்க எதுக்கு அழுதாங்கன்னு சொல்லுங்க பாக்கலாம்."

ஹபீபுன்னிசா நடித்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓதுறது தப்பே இல்ல" என்றாள் சுமையா. "ஆனா நீங்க ஓதி முடிச்சா அவங்க எழுந்து போயிடுவாங்க. கொண்டு வந்தது மனசுக்குள்ளயே கெடக்கும்."

அதன்பின் வருடம் முழுக்க அவள் பழகியது ஒன்றுதான், சும்மா இருப்பது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசாமல் சில்க் போர்டு ஸ்டாப்வரை போய்ப் பார்த்தாள். அபூதாஹிர் வேலை இடத்துச் சண்டையைச் சொன்னால் குறுக்கே பாயாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். முதல் முறையாக அவன் சொல்லவந்த கதையை முழுசாகச் சொல்லி முடித்தான். முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவனே முழித்தான்.

கடைசியில் ஒரு படி பாக்கி. நிஜமான பாரத்தோடு அங்கே வரும் ஒருவரோடு உட்கார வேண்டும், அவர் சம்மதித்தால் சுமையா மூலையில் இருந்து பார்ப்பாள். "இந்த வாட்டியும் நீங்களே பேசினா, உங்கள ஜனங்க முன்னாடி உக்கார வெக்க முடியாது ஆபா. வந்தவங்க மனசு நொந்துடும்" என்று முன்பே சொல்லிவிட்டாள். சான்றிதழ் போனால் போகிறது. ஆனால் இதில் தோற்றால், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாளே அவளைப்போல் இன்னொருத்தி வரும்போது மறுபடியும் மூடியைத் திருகிக் கொடுத்து அனுப்பத்தான் தனக்குத் தெரியும் என்று ஹபீபுன்னிசாவுக்குப் பயமாக இருந்தது.

வந்தவள் பேர் ஷிரீன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, கழுத்தில் கம்பெனி அட்டை. சுமையா மூலையில் உட்காருவதற்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க தண்ணி ஓதித் தருவீங்கன்னு மாமி அனுப்பினாங்க. தூக்கம் வரமாட்டேங்குது. ஓதிக் குடுத்துட்டீங்கன்னா கெளம்பிடுவேன், கேப் வெயிட்டிங்ல இருக்கு."

ஹபீபுன்னிசாவுக்கு வியர்த்தது. ஓதிக் கொடுத்தால் போய்விடுவாள். ஓத மாட்டேன் என்றாலும் போய்விடுவாள். வருடம் முழுக்கப் படித்ததில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. பாட்டிலைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"யாரு பேருக்கும்மா ஓதணும்?"

மூலையில் சுமையா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கெட்டது காரியம் என்று நினைத்தாள் ஹபீபுன்னிசா.

ஷிரீன் என் பேருக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டிலின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேரு வெக்கலயே ஆபா" என்றாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். அஞ்சு மாசத்தில் குழந்தை கலைந்துவிட்டது. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் இருந்தால் எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள் என்பதால்.

இந்த இடத்தில் சொல்ல ஹபீபுன்னிசாவிடம் ஒன்று இருந்தது. கலைந்த பிள்ளை மறுமையில் தாயைச் சொர்க்கத்துக்கு இழுத்துப் போகும் என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அது நாக்கு நுனியில் வந்து நின்றது. அவளுக்கு அதில் துளி சந்தேகம் கிடையாது. ஆனாலும் விழுங்கினாள்.

"எல்லாரும் சொல்றாங்க" என்றாள் ஷிரீன், "சொர்க்கத்துக்கு இழுத்துட்டுப் போவும்னு. நானும் நம்பறேன் ஆபா. ஆனா எனக்கு அந்தக் கைய இங்கயே பிடிச்சுக்கணும்போல இருக்கு. அத யார்கிட்ட சொல்றது?"

சொல்லிவிட்டு அழுதாள். ஹபீபுன்னிசா தண்ணீரை நீட்டவில்லை, முதுகைத் தட்டவில்லை, கூடவே இருந்தாள். அவள் கண்ணிலும் நீர் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. கைப்பேசி அடித்தது, கேப்காரனாக இருக்கும். ஷிரீன் அதைத் திருப்பி வைத்தாள்.

நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப ஓதுங்க ஆபா" என்றாள்.

"நீங்க ஓதுங்களேன். நான் பக்கத்துல இருக்கேன்."

"எனக்குச் சரியா வராது."

"உங்களுக்கு வர்ற மாதிரி ஓதுங்க. யாரு பேருக்குன்னு மட்டும் மனசுல வெச்சுக்கங்க."

ஷிரீன் பாட்டிலைத் திறந்தாள். "ஸஃபான்னு வெக்கலாம்னு இருந்தேன்" என்றாள் மெதுவாக. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதினாள். ஓரிடத்தில் நீட்ட வேண்டியதை நீட்டாமல் போனாள். இத்தனை காலம் பிள்ளைகளைத் திருத்தித் திருத்திப் பழகிய நாக்கு ஹபீபுன்னிசாவின் வாய்க்குள் துடித்தது. அவள் அசையவில்லை. ஷிரீன் ஓதி முடித்துத் தண்ணீரில் ஊதினாள், கொஞ்சம் குடித்தாள். பிறகு பாட்டிலை நீட்டினாள்.

"நீங்களும் குடிங்க ஆபா. நீங்களும் அழுதீங்க."

ஹபீபுன்னிசா வாங்கிக் குடித்தாள்.

தூக்கத்துக்கு ஒரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அடுத்த வாரம் வருகிறேன் என்று ஷிரீனே சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் சுமையா எழுந்து வந்தாள்.

"அந்தக் கேள்விய எந்தப் பாடத்துலேருந்து எடுத்தீங்க?"

"பாடத்துல இல்லம்மா. பழக்கத்துல வாய்ல வந்துடுச்சு. தப்புதான்."

"தப்பில்ல. அதுக்கப்புறம் வாய மூடினீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் படிப்பே" என்றாள் சுமையா. "அடுத்த வாரம் அவங்க வரும்போது நீங்களே உக்காருங்க. நான் உள்ள வரமாட்டேன்."

வீட்டுக்கு வந்தவள் பையை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அபூதாஹிர் டீ போட்டுக் கொண்டுவந்தான்.

"பாஸா?"

"பாஸ்."

"என்ன ஆச்சு, யாரு வந்தா, சொல்லேன்."

"அமானிதம்" என்றாள். டீயைக் குடித்தாள். முகம் தெளிவாக இருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. அபூதாஹிருக்குக் கவலையாகிவிட்டது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"என்ன பேச்சே காணோம்? நான் வேணா தண்ணி ஓதித் தரட்டா?"

"வேணாம்" என்றாள் ஹபீபுன்னிசா. "எனக்கு ஒருத்தி ஓதிக் குடுத்துட்டா."