கோபுரத்துத் தேனீக்களுக்குச் சொன்ன சேதி

1969ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் தேதி, வைகாசியின் முதல் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குச் சென்னை எஸ்பிளனேடில் பஸ் ஏறினேன். பூவிருந்தவல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிபுரம் எழுபத்தாறு கிலோமீட்டர். என் வயதினரின் கணக்கில் நாற்பத்தேழு மைல். வரதராஜப் பெருமாள் கோயில் உற்சவத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. கூட்டம் சேருமுன் கோபுரங்களை ஆற அமரப் பார்த்துக் குறிப்பெடுக்க எண்ணியிருந்தேன்.

ஒன்பது மணிக்கு இறங்கி, சின்ன காஞ்சிபுரத்துக்கு ஒரு ரூபாய் பேசி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். ஓட்டியவர் நரைத்த தாடிக்கார பாய். என் நண்பர் சம்பந்தத்தின் தெருவைச் சொன்னதுமே அவருக்கு வீடு தெரிந்துவிட்டது.

“வெள்ளக்காரம்மா ஊடுதானே சார்? பாவம், அவங்க வாப்பா மவுத்தாயிட்டாராம். வெள்ளிக்கிழமை தந்தி வந்துது.”

அந்த அம்மாளின் தந்தை இறந்தது எனக்குப் புதுச் செய்தி. சம்பந்தம் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். விவசாயம் படிக்க இங்கிலாந்து போனவர், அங்கே சாமர்செட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த டோரதியை மணந்து 1956இல் ஊர் திரும்பினார். அந்த அம்மாள் தமிழைப் பூக்காரியிடமும் பக்கத்து வீட்டுத் தறிக்காரர்களிடமும் கற்றவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் காஞ்சிபுரத்துக்காரர் என்றே நினைக்கத் தோன்றும்.

துக்க வீட்டில் தங்குவதா என்று வாசலில் தயங்கினேன். சம்பந்தம் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அடக்கம் முடிந்துவிட்டது, இனிக் கிளம்பியும் பயனில்லை என்றார். பிறகு தாழ்ந்த குரலில், தந்தி வந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது என்றார்.

காபி கொண்டுவந்த டோரதியிடம் நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல், உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டுவைத்தேன். இங்கிலாந்தின் அரசர்களையும் போர்களையும் ஆண்டுவாரியாக நான் படித்திருக்கிறேன். ஒரு கிராமத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பதினொன்றரை மணி வரை பேசினார்.

ஒரே தெரு. சதுரமான கல் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில். வயலுக்கு வயல் வரப்பு இல்லை, உயிர்வேலிதான். மே மாதத்தில் அந்த முள்வேலி முழுதும் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூவை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சாவு வரும். வேலியில் கறுப்பாகப் பழுக்கும் பழங்களைப் பறித்துத் தின்னலாம், ஆனால் இலையுதிர் காலத்தில் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தொடக் கூடாது. அன்று சாத்தான் வந்து எல்லாப் பழத்திலும் துப்பிவிட்டுப் போவானாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் நிழல் தெரிந்தது.

பனிக்காலத்தில் பள்ளிக்கூடம் போகும்போது, அப்பா சுட்ட உருளைக்கிழங்கை இரண்டு சட்டைப் பைகளிலும் போட்டு அனுப்புவார். போகும் வழியில் கைக்குக் கணப்பு, மதியத்தில் சாப்பாடு. அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரங்களுக்கடியில் தாமே செய்த பெட்டிகளில் தேனீ வளர்த்தார்.

“வாசன சோப்பு போட்டுக்கினு அதுங்க கிட்ட போவக் கூடாதுண்ணா. வீட்ல சண்ட போட்டாலும் அதுங்களுக்குப் புடிக்காது. அதனாலயே எங்க வீட்ல சண்ட கம்மி.”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாராவது இறந்தால் குடும்பத்தில் ஒருவர் வீட்டுச் சாவியை எடுத்துப்போய்ப் பெட்டியைத் தட்டி, தேனீக்களிடம் செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லி, போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு பறந்துவிடும். தம் தாய் இறந்தபோது அப்பா ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிச் சொல்ல, பின்னால், துக்கத்துக்காகப் பெட்டிகளில் கட்டும் கறுப்பு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு தாம் நின்றதை டோரதி சொன்னார். இப்போது அப்பாவுக்காகச் சொல்ல அங்கே யாரும் இல்லை. இவர் ஒரே மகள்.

இறப்பைச் சொல்லியனுப்ப வேண்டிய சுற்றத்தில் தேனீயும் உண்டு என்று வைத்திருக்கும் ஊரை எந்தப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை.

மாலை மூன்றரை மணிக்குப் பூக்காரி முனியம்மா வந்தார். இதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். இரண்டு நாளாக இதற்கு வழி யோசித்துக்கொண்டிருந்தவர் போல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கோபுரத்துல இருக்குற தேனீங்கள இன்னிக்கே பொக போட்டுத் தொரத்தறாங்களாம். உங்க ஊருக்கு நீ போவ முடியாது. இதுங்க கிட்டயாவது சொல்லு. சாவு சேதி சொல்லாம நெஞ்சுல வெச்சிக்கினு இருக்கக் கூடாதும்மா.”

டோரதி வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.

கிழக்குக் கோபுரத்தின் முன் போய் நின்று அண்ணாந்தபோது, எடுக்க வந்த குறிப்பெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. நிலைகளின் விளிம்புக்கடியில் யானைக்காது அகலத்தில் கரிய அடைகள் வரிசையாகத் தொங்கின. கருமை முழுவதும் உயிர். ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை அதன்மேல் ஓர் அலை ஓடி மறைந்தது, காற்றில் நெல்வயல் சாய்வதைப் போல. உற்சவக் கூட்டமும் தீவட்டியும் அதனடியில் வரப்போவதால் கலைக்கச் சொல்லியிருந்தார்கள். தேன் எடுக்கும் கன்னியப்பன் வைக்கோல் பந்தத்தோடு மேலே ஏறத் தயாராக இருந்தார்.

முனியம்மா குறுக்கே போய் நின்று, ஒரு சாவு சேதி சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறு என்றார். கன்னியப்பன் டோரதியையும் கோபுரத்தையும் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. பந்தத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

டோரதி கோபுரத்தின் கல்லடியைச் சாவியால் மும்முறை தட்டி, நிமிர்ந்து, ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை. சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முனியம்மா விடவில்லை. “இன்னா டோரதி, இதுங்க இந்த ஊர்ல பொறந்ததுங்க. இங்கிலீசுல சொன்னா இன்னா தெரியும்? நம்ம பேச்சுல சொல்லு.”

டோரதி மறுபடி தட்டினார்.

“எங்கப்பா…” என்றவர் நின்றார். “எங்கப்பா பூட்டாரு.” அதன்பின் வழக்கப்படி போகாதீர்கள் என்று கேட்க வேண்டும். மேலே போகவிருந்த பந்தத்தைப் பார்த்தார். “நீங்களும் போவணும். கோச்சிக்காதீங்க. போற எடத்துல நல்லா இருங்க.”

அப்படியே கல்லில் நெற்றியை வைத்து உரக்க அழுதார். அப்போது அடைகளின்மேல் மீண்டும் அந்த அலை ஓடியது. வல்லூறு ஒன்று அருகே பறந்ததைக் கண்டேன், அதை விரட்ட எழுந்த அலையாகவும் இருக்கலாம். முனியம்மா அவரை அணைத்து வீட்டுக்கு அழைத்துப்போய்க் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். சம்பந்தம் கூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாலரைக்குப் புகை எழுந்தது. கரும்புகைக்குள்ளிருந்து இன்னொரு கரும்புகையாய்த் தேனீக்கள் எழும்பி, தெருவை நிழலாக்கிக்கொண்டு மேற்கே, தாமல் ஏரிப்பக்கம் போயின. கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். டோரதியும் சம்பந்தமும் கோபுரம் வரை வந்தார்கள். அடைகள் இருந்த இடத்தில் வெளிறிய தடங்கள் மட்டுமே இருந்தன. பாய் ரிக்‌ஷாவோடு காத்திருந்தார். ஏறப் போனவனை டோரதி கைகாட்டி நிறுத்தினார்.

வெறும் விளிம்பைச் சுற்றிச் சில தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. உட்காரும், எழும்பும், மறுபடி அதே இடத்தில் வந்து உட்காரும்.

“நேத்து நான் சொல்லும்போது இதுங்க இங்க இல்லண்ணா,” என்றார் டோரதி. “பூவுக்காகத் தொலைவா போயிருந்துதுங்க. திரும்பி வந்து பாத்தா வீடு இல்ல. இதுங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல.”

இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு கோபுரத்தடிக்கு நடந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாயிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் ரிக்‌ஷாவை விட்டு இறங்கித் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.