கொலம்பஸை வரவேற்ற நம்மவர்

துவாரகன் மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். பட்டம் வாங்காத முட்டாள்கள் ஒரு பக்கம், பட்டம் வாங்கிய முட்டாள்கள் மறுபக்கம். துபாயில் நாலு வருடம் இருந்து பார்த்ததில் இரண்டாவது கூட்டம்தான் மோசம் என்று முடிவுகட்டியிருந்தான். தன்னை எந்தப் பக்கத்தில் போடுவது என்று அவன் யோசிக்காமல் இல்லை. ஆனால் யோசனை அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அவனைக் காப்பாற்றிவிடுவார்.

கடை துபாயின் பழைய சந்தைப் பகுதியான தேராவில் இருந்தது. முதலாளி சதக்கத்துல்லா, காயல்பட்டினத்துக்காரர். அத்தர், பழைய நாணயம், வெள்ளி லைட்டர், கண்ணாடி அலமாரிக்குள் ஈரம் காயாமல் வைத்த கியூபாச் சுருட்டு என்று, வசதி படைத்தவர்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கிற சாமான்களை முப்பது வருடமாக விற்று வருகிறவர். வேலைசெய்கிறவர்கள் எல்லாருக்கும் அவர் ‘காக்கா’. துவாரகனுக்கும் காக்காதான். ஆனால் மற்றவர்கள் அந்தச் சொல்லில் ஒரு அண்ணனைக் கூப்பிட்டார்கள், அவன் பறவையைக் கூப்பிட்டான்.

துவாரகனின் ஊர் கொக்குவில். அவனுடைய தகப்பன் நாற்பது வருடம் சுருட்டுக் கொட்டிலில் குந்தியிருந்து புகையிலை சுற்றியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தவன் இவன். யாழ்ப்பாணத்தில் வரலாறு சிறப்புப் பாடம், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் அரசாங்க வேலைக்குக் காத்திருந்துவிட்டு, கடைசியில் விமானம் ஏறி வந்து சேர்ந்தது ஒரு சுருட்டுக் கடைக்கு. தகப்பன் சுற்றியதை மகன் விற்கிறான் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் வீட்டுக்கு அவன் சொல்லியிருந்தது, ‘பழம்பொருள் நிறுவனத்தில் ஆவணப் பிரிவு.’ கடைக்குள்ளேயும் அவன் வாயில் சுருட்டு என்ற சொல் வராது. சிகார் என்பான்.

“சுருட்டுன்னு சொன்னா வாய் வெந்துருமா தம்பி?” என்பார் காக்கா.

“வாங்கிற ஆக்கள் சிகார் எண்டுதானே கேக்கினம்.”

“அவன் என்ன வேணும்னாலும் கேப்பான். ஊதினா ரெண்டும் ஒரே புகைதான்.”

இந்த மனிதனுக்குக் கீழே வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று துவாரகன் அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவான்.

சென்ற பெப்ரவரியில் ஒரு ஸ்பெயின்காரர் துபாயைக் காலிசெய்துகொண்டு போகும்போது ஒரு பெட்டிச் சாமானைக் காக்காவிடம் தள்ளிவிட்டுப் போனார். பேனாக்கள், சாம்பல் கிண்ணங்கள், அடியில் ஒரு ஆல்பம். ஆல்பத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைகள், நூற்றுக்கு மேல். ஒரு காலத்தில் ஹவானாவில் புகையிலைக் கம்பெனிகள் பெட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தவை. முழுத் தொகுதியும் சேரும்வரை ஆள் புகைத்துக்கொண்டே இருப்பான் என்பது கம்பெனியின் கணக்கு. அட்டைகளின் முன்பக்கத்தில் வண்ணப் படங்களாகக் கியூபாவின் வரலாறு. கப்பல்கள் வருகின்றன, கரையில் அரைநிர்வாணமாக நிற்கிறவர்கள் பழமும் கிளியும் நீட்டுகிறார்கள், இரண்டு மாலுமிகள், இலையைச் சுருட்டிப் புகைவிடும் ஒரு ஆளைப் பார்த்து வாய்பிளக்கிறார்கள், பிறகு கோட்டை, கரும்பு, சங்கிலி, சாட்டை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஸ்பானிஷ்.

“தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு லிஸ்ட் போடு. நீதானே ஹிஸ்டரி” என்றார் காக்கா.

புகையிலைப் பெட்டிக்குள் கிடந்த சரித்திரத்துக்கு இதுபோதும் என்று துவாரகன் ஒவ்வொரு அட்டையின் முதுகையும் போனில் படம் எடுத்தான். போன் மொழிபெயர்த்துத் தந்ததை அப்படியே ஒட்டினான். ‘லொஸ் இந்தியோஸ்’ என்று இருந்த இடமெல்லாம் போன் ‘இந்தியர்கள்’ என்றது. ‘இந்தியர்கள் கொலம்பஸை வரவேற்கிறார்கள்.’ ‘இந்தியர்களின் தலைவர் அத்துவே உயிரோடு எரிக்கப்படுகிறார்.’ கொலம்பஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்து, கண்டவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரை வைத்த கதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். துவாரகனுக்கும் தெரியும். தட்டச்சு செய்யும்போது கண்ணிலும் பட்டது. விலைப்பட்டியலை வாசித்து வரலாறு படிக்கிறவன் எவன் என்று தாண்டிப் போனான்.

அப்படி ஒருவர் இருந்தார். டாக்டர் செய்கு அலாவுதீன். முத்துப்பேட்டைக்காரர். கட்டட வேலைக்கு ஆள் சப்ளை செய்கிற கம்பெனி வைத்திருந்தார். தொழிலாளர்கள் தங்குகிற சோனாப்பூரில் அவருடைய கேம்ப் இரண்டு கட்டடம். டாக்டர் பட்டம், எந்தச் சுவரில் மாட்டினாலும் நேராக நிற்கிற கண்ணாடிச் சட்டத்துடன், ஏதோ ஒரு தீவில் இருந்து வந்தது. சுருட்டு வாங்க வந்தவர் லிஸ்டைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் புரட்டினார்.

“காக்கா, இதப் பாத்தியளா? கொலம்பஸ் போறதுக்கு முன்னாடியே நம்மாளுங்க அங்க இருந்திருக்காங்க.”

காக்கா எட்டிப் பார்த்தார். “அப்படித்தான் போட்டிருக்கு.”

“நின்னு வரவேற்றிருக்காங்க. கிளிய வேற குடுத்து. சுருட்டும் நம்ம கண்டுபிடிப்புதான், பாருங்க, படமே இருக்கு.” அவருடைய விரல் அத்துவேயின் பெயரில் வந்து நின்றது. “அத்துவே. யோசிச்சுப் பாருங்க. அத்தா. அத்தாவே. திரிஞ்சு அத்துவே ஆயிருக்கு.”

“அத்தாவ எங்க ஊர்ல வாப்பாம்போம்” என்றார் காக்கா. “அப்ப அந்தத் தலைவரு எங்க ஊரு இல்ல.”

துவாரகனுக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. இந்தக் கூத்தை இரவு அறை நண்பர்களுக்கு எப்படி நடித்துக் காட்டலாம் என்றுகூட யோசித்தான். அதற்குள் டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

“தம்பிதான் எழுதினதா? என்ன படிச்சிருக்கீங்க?”

“வரலாறு. சிறப்பு.”

“அப்ப ஆதாரம் ஆச்சு.”

ஆல்பத்தை டாக்டர் அன்றே எடுத்துக்கொண்டார். மார்ச்சில் கம்பெனி ஆண்டு விழா. படங்களைப் பெரிதாக்கி மண்டபம் முழுக்க மாட்டுவது, ‘கொலம்பஸை வரவேற்ற நம்மவர்’ என்று ஒரு சிறு புத்தகம் அடித்து எல்லாருக்கும் கொடுப்பது என்று திட்டம். அச்சுப்படி நாலாம் நாள் கடைக்கு வந்தது. அட்டையில், தலைப்புக்குக் கீழே: ‘வரலாற்று ஆய்வாளர் கொக்குவில் துவாரகன் பி.ஏ. (சிறப்பு)’.

இதைத் துவாரகன் எதிர்பார்க்கவில்லை. அவனுடைய பெயர் கடைசியாக அச்சில் வந்தது பரீட்சை முடிவுப் பட்டியலில். அவன் அந்த அட்டையைப் படம் எடுத்தான். வீட்டுக்கு அனுப்ப விரல் போன பிறகுதான், தகப்பன் புத்தகத்தையே கேட்டு வாங்கி உள்ளேயும் வாசிப்பார் என்பது உறைத்தது. கொட்டிலில் ஒருவர் சத்தமாகப் பேப்பர் வாசிக்க, சுற்றிக்கொண்டே கேட்டு வளர்ந்த மனிதர். கொலம்பஸ் யார், இந்தியோஸ் யார் என்று அவருக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் என்னவென்று சொல்வது? டாக்டர் முட்டாள் என்று சொல்ல முடியாது. அவர் வாசித்ததைத்தான் நம்பினார். போன் முட்டாள் என்றால், அதை அப்படியே எழுதியவன் யார்? ஊரெல்லாம் கேலிபண்ணிக்கொண்டு திரிந்தவன், தான் கேலிபண்ணியவர்கள் முன்னால் போய் நின்று, நான் படிக்காமல் ஒட்டினேன் என்று சொல்ல வேண்டும். அவனிடம் இருந்தது அந்தப் பட்டம் ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்துக் காக்காவிடம் மெல்லத் தொடங்கினான்.

“காக்கா, அந்த லிஸ்டில ஒரு பிழை. அவை இந்தியாக்காரர் இல்லை.”

“யாரு?”

“கிளி குடுக்கிற ஆக்கள்.”

காக்கா அத்தர் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். “எழுதினது நீதானே?”

“ஓம்.”

“நான் எழுதச் சொன்னேனா இந்தியர்னு?”

“இல்லை.”

“அப்ப மனுசன் சந்தோசமா இரிக்காரு, நீயும் சும்மா இரி. இல்லாட்டி நீயே போய்ச் சொல்லு. என்னய இழுக்காத.”

துவாரகன் சொல்லவில்லை. ஒரு வாரம் இருந்தது, போய்ச் சொல்லியிருக்கலாம். முந்நூறு பிரதி அச்சாகி வந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குசைஸில் ஒரு மண்டபத்தில். டாக்டரின் விருந்தினர்கள் முன்வரிசைச் சோபாக்களில். பின்னால் நாற்காலிகளை நிரப்பச் சோனாப்பூரில் இருந்து மூன்று பஸ் ஆட்கள் வந்திறங்கியிருந்தார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரு லீவு நாளில் துணி தோய்த்துக்கொண்டிருந்தவர்களை, பிரியாணி உண்டு என்று சொல்லி ஏற்றி வந்திருந்தார்கள். அவர்கள் புத்தகத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில், ஆளுயரத்துக்கு, அத்துவே. கம்பத்தோடு கட்டி, காலடியில் விறகு. பக்கத்தில் சிலுவையை நீட்டிக்கொண்டு ஒரு பாதிரியார்.

டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். தமிழன் போகாத கடல் இல்லை என்றார். அத்தா அத்துவே ஆன விதத்தை விளக்கினார். முன்வரிசை கைதட்டியது. பிறகு, “நம்ம ஆய்வாளர் தம்பி இங்கதான் இருக்காரு, யாரு என்ன கேக்கணுமோ கேளுங்க” என்று மைக்கைத் துவாரகன் கையில் திணித்தார்.

யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவன் நம்பியிருந்தான். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். நரைத்த மீசை, வெயிலில் கருகிய கழுத்து; கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர் என்று பக்கத்தில் இருந்தவர் அறிமுகம் செய்தார்.

“அய்யா, எரிக்கிறாங்களே, இவரு நமக்கு எந்த ஊரு?”

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். துவாரகனும் ஒரு பழக்கத்தில் உதட்டைக் கோணினான். பிறகு பார்த்தால் அந்த மனிதர் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. எரிகிறவர் யாரோ ஒரு சொந்தக்காரன் என்று மேடையில் சொன்னார்கள். சொந்தக்காரன் என்றால் ஊர் வேண்டுமே. மண்டபத்தில் படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“அவருக்கு எங்கட பக்கத்தில ஊர் இல்லை, அண்ணை” என்றான் துவாரகன். மைக்கில் அவனுடைய குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. “அவர் எங்கட ஆள் இல்லை. அந்தப் பக்கத்துத் தீவுகளின்ர ஆள். கொலம்பஸ் பிழையாப் பேர் வைச்சான். நான் அதை யோசிக்காமல் போனில இருந்து பாத்து எழுதிப்போட்டன். புத்தகத்தில இருக்கிறது பிழை. பிழை என்ர.”

மண்டபம் இடிந்து விழவில்லை. மீசைக்காரர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“அப்ப எங்கள எதுக்குங்க லீவு நாள்ல கூட்டியாந்தீங்க?”

இந்த முறை பின்வரிசை சிரித்தது. டாக்டர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். முகம் கோணவில்லை, பெரிய மனிதர்களுக்கு அது வராது. “தம்பி ரொம்ப அடக்கமான பிள்ள. ஆராய்ச்சின்னா ரெண்டு கருத்து இருக்கத்தான் செய்யும். சாப்பாடு ஆறுது, வாங்க” என்றார். கூட்டம் எழுந்தது. காக்கா அவன் பக்கமே பார்க்காமல் விருந்தினர்களோடு நடந்தார். இவ்வளவு நாள் பயந்த அவமானம், பிரியாணி வரிசையில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. யாருக்கும் அவன் பட்டத்தின்மீது அவ்வளவு அக்கறை இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் வலித்தது.

சாப்பாடு முடிந்து ஆட்கள் பஸ் ஏறும்போது துவாரகனும் பின்னால் ஏறினான். பேனாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் புத்தகங்களைக் கேட்டான். ‘இந்தியர்கள்’ என்ற இடத்தை வெட்டி, ‘தைனோ மக்கள்’ என்று மேலே எழுதினான். சிலர் கொடுத்தார்கள். ஒருவர் புத்தகத்தில் கோழி எலும்பைச் சுற்றி வைத்திருந்தார். ஏழாவதோ எட்டாவதோ ஆளாக மீசைக்காரர் வந்தார்.

“நம்ம பேர வெட்டிட்டு யாரு பேர எழுதுறீங்க?”

“தைனோ. அந்தத் தீவில இருந்த சனம்.”

“இப்ப இருக்காங்களா?”

“கனபேர் செத்துப் போச்சினம். நோய் வந்து. வேலை வாங்கியே கொன்றுபோட்டாங்கள்.”

“என்ன வேல?”

“தங்கம் அரிக்கிறது.”

“ராத்திரி எங்க படுப்பாங்க? கேம்ப் மாதிரி ஏதும் இருந்துச்சா?”

அட்டையின் முதுகில் இருந்த இரண்டு வரியைத் தவிர துவாரகனிடம் ஒன்றும் இல்லை. நாலு வருடம் விரிவுரை, நாலு வருடம் ஏளனம். இந்தக் கேள்வியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

“தெரியாது அண்ணை. நான் அதை வாசிக்கேல்லை.”

“வாசிச்சிட்டுச் சொல்லுங்க” என்றார் அவர், பரிகாசமா உண்மையா என்று பிடிபடாத குரலில். “நாங்க எங்க போகப் போறோம்.”

“யால்லா, யால்லா, உத்ரோ பாய்” என்று இறங்கச் சொல்லி டிரைவர் கத்தினார். துவாரகன் இறங்கினான். கதவு மூடியது. அவன் திருத்தியது பத்துப் புத்தகம் இருக்கும். பஸ் திரும்பும்போது மேற்கு வெயில் உள்ளே அடிக்க, யாரோ ஒருவர் தன் புத்தகத்தை விரித்து ஜன்னல் கண்ணாடியில் மறைப்பாகச் செருகினார். அது திருத்தாத பிரதி. அட்டை வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் அவனுடைய பெயர், பி.ஏ. (சிறப்பு) என்பதோடு, சோனாப்பூர் வீதிவரைக்கும் போவோர் வருவோர் எல்லாரும் வாசிக்கிற மாதிரி.