என் மகனுக்காகப் பேச ஓர் ஆள் கேட்டேன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ரேஷன் கார்டில் குறைத்துப் போட்டிருக்கிறது, அதை நம்ப வேண்டாம். பெற்றது ஆறு, வளர்த்தது ஐந்து. ஐந்தையும் யார் வாசலிலும் கை நீட்டாமல் வளர்த்தேன். கொல்லிமலையில் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மாரியாயியை நம்புகிற என் சனங்களே, நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

என் கடைசி மகன் செல்வராசு. மிளகு பறிக்க மரம் ஏறிப் பழகிய கால் அவனுக்கு. உயரத்துக்குப் பயப்படாதவன் என்று மலைக்குக் கீழே கட்டிட வேலைக்குக் கூட்டிப் போனார்கள். கட்டிடத்தைச் சுற்றிக் கழி நட்டு, பலகை போட்டு, ஆள் நின்று பூசுவதற்குச் சாரம் கட்டுவார்களே, அந்த வேலை. கூட்டிப் போனவன் வெள்ளையன், என் அண்ணன் மகன். மலை ஆட்களைச் சேர்த்துக் கீழே கொண்டுபோகிற மேஸ்திரி.

போன வருடத்துக்கு முந்தின வருடம் தை மாதக் கடைசியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய கட்டிடத்தில் பலகை நழுவியது. என் மகன் விழுந்தான். இடுப்புக்குப் பெல்ட் கொடுக்கவில்லை. கீழே வலை கட்டவில்லை. முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வெள்ளையன் ஆஸ்பத்திரியில், "தங்கற ஊட்டுல வழுக்கி உழுந்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டான். அங்கேயும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வண்டி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு கத்தினானாம். ஊர் வந்து சேர்ந்தபோது கத்தவில்லை. "அம்மா, இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்றான். அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை.

எங்கள் ஊரில் சொந்தத்துக்குள் ஒன்று நடந்துவிட்டால் ஸ்டேஷனுக்குப் போகமாட்டோம். மாரியாயி முன்னால் நின்று பேசி முடிப்போம். வெள்ளையனும் வந்தான். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, செல்வராசு எழுந்து நடக்கும்வரை அவன் குடும்பம் தன் பொறுப்பு என்று சொல்லி அணைத்தான். நானும் ஏற்றினேன். கோர்ட்டுக் கச்சேரி ஏறமாட்டோம் என்று சொல்லி அணைத்தேன். சொந்த ரத்தம், அவன் வாக்குப் போதும் என்றிருந்தேன்.

சித்திரை வரைக்கும் அரிசியும் மருந்தும் வந்தன. பிறகு வரவில்லை. போன் எடுக்கவில்லை.

மருமகள் விடிந்தால் மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போய்விடுவாள். பேத்தி பூங்கொடி விடுதிப் பள்ளியில். ஊட்டில் நானும் அவனும்தான். அவன் சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருப்பான். நான் புரட்டிப் போடுவேன், துடைப்பேன், கஞ்சி ஊட்டுவேன். சாமான் விழுந்தால்தான் ஊட்டில் சத்தம். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் என்பதால் ஊர் எந்தப் பக்கமும் சேரவில்லை. முன்னெல்லாம் என் வாசல் வழியாகத் தண்ணிக்குப் போனவர்கள் மேல் வழியாகச் சுற்றிப் போனார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் தூரத்தில் கேட்கும். கிட்டே வரும்போது நின்றுவிடும். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட அரசாங்க நர்ஸம்மா ஒருவர் வருவார். கீழ் ஜில்லாவிலிருந்து வேலைக்கு வந்தவர், ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர். அவர்தான் கேட்டார்: "நஷ்டஈடு கேட்டிருக்கீங்களா பாட்டி?"

"யாரைக் கேக்கறதுங்க? எங்க மேஸ்திரியே ஓடிப்போயிட்டான்."

"மேஸ்திரி ஓடினா என்ன, கட்டிடம் ஓடிப்போச்சா?"

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால், மேஸ்திரி மூலமாகப் போன ஆளாக இருந்தாலும் வேலை கொடுத்த கம்பெனி பதில் சொல்ல வேண்டுமாம். தொழிலாளர் ஆபீஸில் மனுப் போடலாமாம். விழுந்த ஊரில்தான் போட வேண்டும் என்று இல்லையாம், நாம் இருக்கிற ஜில்லாவிலேயே போடலாமாம். பெண்களுக்கும் மலைச்சனங்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்களாம். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு, தூங்கிவிடக் கூடாது என்றார்.

நான் கற்பூரம் அணைத்த கதையைச் சொன்னேன். நர்ஸம்மா என்னையே பார்த்தார். "உங்க மாரியாயி நியாயம் கேக்காதேன்னா சொல்லிச்சு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

அந்தச் சத்தியத்தை விட வழி கேட்டு, ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுகிற ஊர்க்கவுண்டரிடம் போனேன். அவர் பாக்கை மென்றுகொண்டே சொன்னார்: "ரெண்டு பேரு சேந்து அணைச்சதுங்க ஆத்தா. ரெண்டு பேரும் வந்து நின்னு மறுபடி ஏத்தினாத்தான் அது விடும். நீ ஒருத்தி ஏத்தினா சத்தியத்தை முறிச்சதாப் போயிரும். ஊருக்கு ஆகாது."

"அவன் முறிக்கலீங்களா?"

"அவன் கணக்கை மாரியாயி பாத்துக்குவா. நீ உன் கணக்கைப் பாரு."

அன்று மடியில் மிளகாய் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கெடுதல் செய்தவன் கெட வேண்டுமானால், கோயில் கல்லில் மிளகாய் அரைத்து மாரியாத்தாள் மேல் பூசுவார்கள். அந்த எரிச்சல் தீர அவள் பழி வாங்குவாள். கோயிலில் ஒரு ஈ காக்கா இல்லை. கல்லைக் கழுவினேன். மிளகாயை வைத்தேன். குழவியைக் கையில் எடுத்தபிறகுதான் யோசித்தேன். இவன் கெட்டுப்போனால் என்னோடு வந்து நின்று கற்பூரம் ஏற்றுவது யார்? என் மகன் அந்தச் சாரத்தில் நின்றான் என்று சொல்ல உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

மிளகாயைத் திரும்ப மடியில் கட்டினேன். அன்று ராத்திரி குழம்புக்கு அதைத்தான் போட்டேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் போய் உட்கார்ந்தேன். ஒரே வார்த்தைதான். "தாயே, அவனைக் கெடுக்காதே. கொண்டுவந்து நிறுத்து." ஆடிக் காற்று விளக்கை அணைத்துக்கொண்டே இருந்தது. வேறு யாரும் வரவில்லை. நடக்கும் என்றால் பூ விழட்டும் என்று பூ கேட்டேன், அவள் தலையிலிருந்து ஒரு பூக்கூட விழவில்லை. என் குரல் எனக்கே பழைய குரலாகத் தெரிந்தது. ஆத்தாளும் மேல் வழியாகச் சுற்றிப் போகிறாளோ என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த வெள்ளி போனேன்.

ஆவணியில் ஒரு வெள்ளி, மழை. கோயில் ஓரத்தில் ஒருவன் நனைந்துகொண்டு நின்றான். வெள்ளையன். பாதியாக இளைத்திருந்தான்.

"அத்தை" என்றான்.

"இத்தனை நாளா அத்தை ஊட்டு வழி மறந்து போச்சா கண்ணு?"

"மறக்கலீங்க அத்தை. தெரிஞ்சேதான் வரல."

கட்டிட வேலை முடியப்போகிறதாம். செல்வராசு என்று ஒருவன் தன்னிடம் வேலையே செய்யவில்லை என்று வெள்ளையன் சொல்வதாக எழுதி, கம்பெனிக்காரர்கள் அவனிடம் கையெழுத்துக் கேட்டார்களாம். போட்டால் அடுத்த கட்டிடமும் அவனுக்குத்தானாம். "பேனாவைக் கையில குடுத்துட்டாங்க அத்தை. எங்க அத்தை மவனை எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிப் போடறது? எந்திரிச்சு வந்துட்டேன். ஊருக்கு வரப் பயமா இருந்துச்சு. நேரா ஆத்தாகிட்டப் போலாம்னு வந்தா நீங்க உக்காந்திருக்கீங்க."

நான் அழவில்லை. "சட்டையைப் புழி, சளி புடிக்கப்போகுது" என்றேன்.

ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டோம். இரண்டு பேரும் சேர்ந்து கற்பூரம் ஏற்றினோம். அணைக்கவில்லை, எரிந்து முடியவிட்டோம். அடுத்த வாரமே பஸ் ஏறி நாமக்கல் போனோம். இலவச வக்கீலம்மா ஒருவர் கிடைத்தார். வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர்களிடம் காட்டி ஊனத்துக்குச் சான்று வாங்கினோம். தொழிலாளர் வாரியத்தில் என் மகன் பேர் பதிந்திருக்கவில்லை. பதியாததால் வாரியத்து உதவி போனதுதான், அதற்காகக் கம்பெனியிடம் கேட்கிற உரிமை போகாது என்றார். போலீஸ் கேஸ் வேறு, நஷ்டஈடு வேறு என்றும் சொன்னார். யார் தப்பு என்று நிரூபிக்கக்கூட வேண்டாமாம். அங்கே வேலை செய்யும்போது விழுந்தான் என்பது நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அது நிற்பதற்குத்தான் வெள்ளையன் வேண்டியிருந்தது. தொழிலாளர் ஆபீஸில் மனுப் போட்டோம்; விசாரணையில் கம்பெனி வக்கீல் அவனைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டில் வழுக்கி விழுந்தான்னு சொன்னவனும் நீதானே? இப்போ மாற்றிப் பேசறே?"

வெள்ளையன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். "அன்னிக்குப் பயந்துக்கிட்டுச் சொன்னேனுங்க. இன்னிக்கும் பயமாத்தான் இருக்குதுங்க. ஆனா அவன் உழுந்தது சாரத்துல இருந்துதானுங்க. நான் கீழே நின்னு பாத்தேனுங்க."

நான் கேட்ட ஆள் அவன்தான். மாரியாயி கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

பல தேதிகள் இழுத்தது. மலையிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக என் முட்டி தேய்ந்தது. இந்த வருடம் மாசியில் ஆர்டர் வந்தது. கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று. கொடுத்தார்கள். பணம் என் மகன் பேரில் பேங்கில் இருக்கிறது.

என் மகன் நடக்கவில்லை. நடந்தான் என்று சொன்னால் பொய். மூன்று சக்கர வண்டியில் வாசலுக்கு வருகிறான், மிளகு காயப்போட்டால் காவல் இருக்கிறான். பேச்சு இன்னும் குறைவுதான். சில நாள் நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவன் சுவரையே பார்த்திருப்பான். அந்தத் தனிமை எனக்குத் தீரவில்லை. ஆனால் அவன் விழுந்தது பொய் என்று இனி எவனும் சொல்ல முடியாது. மலைக்குக் கீழே வெள்ளையனுக்கு யாரும் வேலை தருவதில்லை. இங்கேயே காடு பார்க்கிறான். அவனையும் உங்கள் வேண்டுதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் சனங்களே, சாரத்தில் ஏறுகிற பிள்ளைகள் எல்லா ஊட்டிலும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று நடந்தால் எங்கே விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் உள்ளதைச் சொல்லுங்கள். சொந்தம் என்று சொல்லி உரிமையை அணைத்துவிடாதீர்கள். ஆபீஸ் படி ஏறுவது ஆத்தாளுக்கு விரோதம் இல்லை. தாயிடம் கேளுங்கள், யாரும் வராத வெள்ளிக்கிழமையிலும் போய்க் கேளுங்கள். கெடு என்று கேட்காமல் கொண்டுவா என்று கேளுங்கள். அவள் கேட்டாள்.

பூங்கொடி, உன் லீவு முடியறதுக்குள்ள எழுதி முடிச்சுட்டேன் கண்ணு. கண்ணு மங்குது, வரி கோணலாப் போயிருக்கும். மொதல்ல இருந்து ஒருக்கா படிச்சுக் காட்டு சாமி. கொஞ்சம் சத்தமாவே படி. உங்கப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாலும் முழிச்சுத்தான் இருக்கான்.