அக்காவோடு மலையேறிய நாள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை விடுமுறை. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, வீட்டு வேலைக்குக் குவைத் போகிறாள். மறுநாள் காலை ரயில். வீட்டில் எல்லோரும் பெட்டி கட்டுவதும் அழுவதுமாக இருக்க, அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி, உச்சிக்குப் போயிட்டு வருவோம். குவைத்துல வெறும் மணல்தானாம்."

தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தையும் தாண்டி ஏறினோம். அப்பப்பா, என்ன பூக்கள்! புல்லுக்குள்ளே ஊதாவும் மஞ்சளுமாகப் பெயர் தெரியாத பூக்கள். உச்சியில் முறுக்கிக்கொண்டு நின்ற மரங்களில் சிவப்புக் கொத்துகள். கீழே எங்கள் லயம் தீப்பெட்டி போலத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பா படுக்கையில் கிடந்தார். அவள் போகாமல் அந்த வீடு நடக்காது.

அப்போதுதான் பனி இறங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அக்காவே மங்கிப் போனாள். வந்த வழி தெரியவில்லை. இப்படி மூடினால், கொழுந்து எடுக்கிற பெண்கள் வழி தவறாமலிருக்க நிரைக்கு நிரை கூவிக்கொள்வார்கள். நாங்களும் கூவினோம். கீழேயிருந்து ஒரு பெண்குரல் பதில் கூவியது.

"ஓடி வந்துராதீங்க புள்ளைகளா! பள்ளம் இருக்கு. உக்காந்து உக்காந்து எறங்குங்க, நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

அக்கா என் கையை அவ்வளவு இறுக்கமாக அதற்கு முன் பிடித்ததில்லை. உண்மையைச் சொல்கிறேனே, எனக்குப் பயத்தை விட ஆசைதான் அதிகம். இந்தப் பனி விலகவே கூடாது, நாளைய ரயில் இவளை விட்டுவிட்டுப் போகட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன்.

அந்தக் குரல் விட்டால்தானே! கூவிக் கூவியே எங்களைத் தேயிலைக்குள் கொண்டு வந்து சேர்த்தது.

"கொழுந்து நிறுக்கக் கூப்பிடுறாங்க. ரோட்டப் புடிச்சு வீட்டுக்குப் போயிருங்க!"

அவ்வளவுதான். அந்த அம்மாவின் முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அக்கா மறுநாள் போனாள். இரண்டு வருஷம் என்றார்கள். அது நாலாகி, எட்டாகி, பெரியப்பாவின் சாவுக்குக்கூட அவளால் வர முடியவில்லை. இன்றைக்கும் தொலைபேசியில்தான் பேசிக்கொள்கிறோம்.

எங்கள் உயிரைக் காப்பாற்றிய அந்த அம்மாவுக்குக் கோடிப் புண்ணியம். ஆனாலும் மலையில் பனி மூடும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கொடுத்திருக்கலாமே தாயே என்று என் மனசு கேட்கத்தான் செய்கிறது.