வேகமாகப் பாடச் சொன்ன டைப்ரைட்டிங் டீச்சர்

கல்யாண வரவேற்பு மேடைகளிலிருந்து எந்தக் காரணத்துக்காக அந்தப் பாடகியைக் கழற்றிவிட்டார்களோ, அதே காரணத்துக்காகத்தான் இந்த மருத்துவமனையில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் தாலாட்டாக்கிவிடுவாள். அங்கே விருந்தாளிகள் சாப்பிடும்போதே கொட்டாவி விட்டார்கள். இங்கே படுத்திருந்தவர்கள், இனி குணமாக வழியில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தவர்கள். அவர்கள் கண்ணயர்ந்தால் அதற்குப் பேர் சிகிச்சை. அவளும் ஒரு படிப்பைப் படித்து, ‘இசை சிகிச்சையாளர்’ என்று அட்டை மாட்டிக்கொண்டாள். நர்ஸுகள் மட்டும் பாட்டக்கா என்றே கூப்பிட்டார்கள்.

ஜன்னலோர அறைக்கு டைப்ரைட்டிங் டீச்சர் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஊரில் பாதிப் பேரை விரல் நோகத் தட்டவைத்து வேலைக்கு அனுப்பியவர். ஈரலில் புற்றுநோய் முற்றியிருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மகன் பாசக்காரன். அம்மாவின் மன அமைதிக்கென்று தலைமாட்டில் ஸ்பீக்கர் வைத்து, நாள் முழுக்க அருவிச் சத்தம் ஓடவிட்டிருந்தான்.

“அதை நிறுத்துடா. கேக்கக் கேக்க பாத்ரூம் வருது.”

மகன் முகம் தொங்கிப்போனது. பாட்டக்கா கிதாரோடு உட்கார்ந்து, கண்ணை மூடி உருகினாள். முதல் சரணத்திலேயே டீச்சர் கையைத் தூக்கினார்.

“ஏம்மா, நான் போறதுக்குள்ள இந்தப் பாட்டு முடிஞ்சிருமா?”

“அம்மா…” என்று மகன் பதறினான்.

“நீ சும்மா இரு. கொஞ்சம் வேகமாப் பாடும்மா. உனக்கென்ன, நேரம் கெடக்கு.”

பாட்டக்காவுக்குச் சுருக்கென்றது. ரோஷத்தில் வேகமெடுத்தாள். மூச்சு வாங்கியது, வார்த்தை வழுக்கியது, ஒரு வரியை முழுசாக விழுங்கினாள். டீச்சரின் விரல்கள் போர்வைமேல் தட்டத் தொடங்கின.

“தப்பு. மறுபடியும் தப்பு. முதல்லேருந்து வா,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று வலி ஊசியைக் கேட்கவே மறந்துபோனார்; நர்ஸ் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அதன்பின் தினமும் போய்த் திட்டு வாங்குவதே பாட்டக்காவின் உத்தியோகம் ஆயிற்று. ‘நோயாளி இசையில் மிகுந்த ஈடுபாடு காட்டுகிறார்’ என்று மேலதிகாரியிடம் சொல்லிவைத்தாள்.

பிறகு டீச்சரின் விரல்கள் ஓய்ந்தன. கடைசி நாளில் மூச்சு விட்டு விட்டு வந்தது. அதன் போக்குக்கே பாட்டக்கா பாட்டின் வேகத்தை இறக்கிக்கொண்டு போனாள். இப்போது தடுக்க ஆளில்லை. வரிக்கு வரி இடைவெளி நீண்டது. ஓர் இடைவெளிக்குப் பிறகு மூச்சு வரவில்லை. சரணத்தை முடித்துவிட்டுத்தான் கிதாரைக் கீழே வைத்தாள்.

மகன் கண்ணைத் துடைத்தான். “அம்மாவுக்குப் பாட்டு இவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாமயே போச்சுக்கா.”

“பாட்டு பிடிக்கல தம்பி. என்னைத் திட்டறது பிடிச்சிருந்தது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அழுகை வந்தது.