கேட்டவன் தப்பினான்

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்ததும் எடுக்கப் பயந்தேன். போர் நடக்கும் வன்னியில் இருக்கும் என் அக்காவைப் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இங்கே பக்கத்து நகரான லவாலில் இருந்து குகன் அண்ணையின் மனைவி பேசினார். "தம்பி, இவர் போயிட்டார். நித்திரையிலயே போயிட்டார்."

உங்களில் பலருக்கு 'பொம்பர் குகன்' என்றால்தான் அவரைத் தெரியும். கோயில் மண்டபத்தில் யாராவது அகப்பட்டால் போதும், பி-58 கதையைத் தொடங்கிவிடுவார். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த, அமெரிக்காவின் பழைய பொம்பர், அதாவது குண்டுவீச்சு விமானம் அது. அதில் மூன்று பேர் தனித்தனிக் கூட்டுக்குள் அடைபட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் பறப்பார்களாம். ஆபத்தில் வெளியேறும் கூட்டைச் சோதிக்க ஒரு கரடியை உள்ளே வைத்து வானத்தில் எறிந்தார்களாம். இவ்வளவு பாடுபட்டும் பத்து வருடத்தில் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

"ஏன் அண்ணை உங்களுக்கு இந்தப் பைத்தியம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆருக்கு மேலயும் ஒரு குண்டும் போடாமல் ஓய்வெடுத்த பொம்பர் அது. எனக்கு அதை மட்டுந்தான் பிடிக்கும்."

யாழ்ப்பாணத்தில் பொம்பரைக் கண்டதும் நாங்கள் 'சுப்பர்சொனிக்' என்று கத்திக்கொண்டு ஓடிய நாட்களில், குண்டு விழுந்து அவருடைய ஒரே மகன் செத்துப்போனான். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை.

ஒரு கோடையில் ஆற்றங்கரைப் பூங்காவில் கோழி சுட்டுக்கொண்டிருந்தோம். ஏதோ விழாவுக்கு வந்த போர் விமானங்கள் மரங்களுக்கு மேலால் பாய்ந்தன. பக்கத்து மேசைப் பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். நாங்கள் அத்தனை பேரும் ஊரில் பழகியபடியே புல்லில் குப்புறக் கிடந்தோம்: முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. இங்கே பிறந்த என் மகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நான் காலைப் பிடித்து இழுத்ததில் அவள் விழுந்து அழுதாள். எல்லோருக்கும் முதலில் விழுந்தவர் எங்கள் விமான நிபுணர் குகன் அண்ணைதான்.

"எழும்பு. சத்தம் கேட்டிட்டுதுதானே? அது பொம்பர் போனாப் பிறகுதான் வரும். கேட்டவன் தப்பீட்டான்" என்றார். சொல்லும்போது அவருடைய பல் அடித்துக்கொண்டிருந்தது.

வன்னியில் இப்போது மறுபடியும் பொம்பர் சுற்றுகிறது. அக்கா பேசி நாளாகிவிட்டது. அண்ணையைத் தகனம் செய்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குப் பயம் மாறிவிட்டது. முன்பு மணி அடித்தால் பயந்தேன், இப்போது அடிக்காமல் இருப்பதற்குப் பயப்படுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பேச்சுத்தான், கேட்டவன் தப்பீட்டான். தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். இன்னும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.